கண்ணெட்டும் தூரம்

மணிக்கொருமுறை வெளியே போய்
என் பட்டியலைப் பார்த்துவர வேண்டும்.
வேலிக் கம்பம், கால் மைல்.
பெற்றோல் கொட்டகை, அரை.
தண்ணீர்த் தொட்டி, இரண்டு.
கோதுமைக் களஞ்சியக் கோபுரம், நாலரை.
வானொலிக் கம்பம், ஒன்பது. அதற்கும் அப்பால்
காட்டின் விளிம்பு, நீலமாக.
மரங்கள் பச்சைதான். பதினைந்து மைல் காற்று
அவற்றுக்கு நீலம் பூசி அனுப்புகிறது.

பிரின்ஸ் ஆல்பர்ட் விமான நிலையத்தில்
வானிலை எழுதுகிறவன் நான்.
தெரிவதைத் தெரிகிறது என்று சொல்லச் சம்பளம்.

ஜூலை நடுவில் வடக்கே காடு பற்றியது.
முதலில் போனது அந்த நீலம்.
பிறகு கம்பம்.
செவ்வாய்க்கிழமை கோபுரமும்,
அவசரக்காரப் பிள்ளை அழிரப்பரால் தேய்த்த மாதிரி
அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து.

புகைக்கு எங்கள் குறியீடு எஃப்-யூ.
டேரில் அதை ஒவ்வொரு மணிக்கும்
உரக்க வாசித்துச் சிரிப்பான்.
எட்டாம் நாள் வாசித்துவிட்டு
இருமினான்.

வெறுங்கண்ணால் பார்க்கலாம் சூரியனை,
மதியம் ஒரு மணிக்கு.
தட்டில் வைத்த பீட்ரூட் வட்டம்.
என் வெள்ளைக் கார் பிளேன்ரீ நிறம்.
என் கையே எனக்கு வேறு யாருடையதோ போல.
படம் எடுத்து ஸ்கார்பரோவுக்கு அனுப்பினேன்.
"சாம்பலாத்தானே கிடக்கு, எங்க சிவப்பு?"
என்று கேட்டாள் யசோதினி.
கைத்தொலைபேசி திருத்திவிட்டிருந்தது.
வானம் இப்படி இருக்காது என்று
யாரோ எங்கோ அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

வியாழன் பின்னேரம் ஏழு மணிக்கு அழைப்பு,
லா ரோஞ்சிலிருந்து, மருத்துவ விமானம்.
ஏழு மாதத்தில் நோவெடுத்த ஒரு பெண்.
"ஒரு மைல் இருந்தால் கிளம்புவேன்" என்றாள் விமானி.

வெளியே போனேன்.
தொட்டி இல்லை.
கொட்டகை இருந்தது, அதுவும் அரைமனதாக.
ஒன்று என்று எழுதலாம்.
கை அந்தப் பக்கம்தான் போனது.
அரை, என்றேன்.
அவள் பக்கத்தில் கொஞ்சநேரம் இரைச்சல் மட்டும்.
"சரி. இருக்கிறேன்."

எட்டு மணிக்கும் அரை.
ஒன்பதுக்கும்.

இத்தனை நாளும் நான் நினைத்திருந்தது,
புகை ஒரு திரை, மறைக்கிறது என்று.
அன்று நின்ற நிலையில்தான் உறைத்தது:
எனக்கும் தொட்டிக்கும் நடுவே
கோடிக்கணக்கான துகள்கள்,
ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு பொட்டு வெயிலை
என் கண்ணுக்குள் எறிந்துகொண்டிருக்கிறது.
தொட்டியின் மெல்லிய உருவம் அந்த இரைச்சலில்
பேச வாயெடுத்து அடங்கிப்போகிறது.
மறைத்தது
வெளிச்சம்.

பீட்ரூட் எப்போது கரைந்தது என்று பார்க்கவில்லை.
புகை அதே புகை. தொண்டையில் அதே கரகரப்பு.
பத்தேகால் இருக்கும்,
எதுவும் இல்லாத இடத்தில்
ஒரு சிவப்புப் புள்ளி.
கண்ணைக் கசக்கினேன். இருந்தது.
நீலத்தையெல்லாம் வழிநெடுகச் சிதறவிட்டுப்
பிழைத்து வந்துசேரும் நிறம் அது.
ஆனாலும் என் ஆசையை எனக்குத் தெரியும்.
டேரிலைக் கூப்பிட்டு, விரலை நீட்டாமல்,
"என்ன தெரியுது?" என்றேன்.
அவன் தலையை மெல்லத் திருப்பி வந்து
நின்றான்.
"தொட்டி. உச்சி விளக்கு."

இரண்டு, என்று எழுதினேன்.

பதினொன்றரைக்கு மேற்கே
இரண்டு பஞ்சுத் துண்டுகள் பற்றிக்கொண்டு
இறங்கி வந்தன.
படுக்கையை உருட்டிக்கொண்டு ஓடினார்கள்.
நான் பார்த்தது ஒரு காலுறை, பச்சைக் கோடு போட்டது.
கதவு சாத்தியது.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது,
தெரியாததை நான் எழுதுவதில்லை.

ஐந்தேகாலுக்குச் சூரியன் வந்தது.
தொட்டி போனது.
அரை மைல், எழுதினேன்.
எஃப்-யூ.